கழுத்தைக் காயப்படுத்தாத நுகம்

(ஆண்டின் பொதுக்காலம் 14ஆம் ஞாயிறு, முதலாம் ஆண்டு. செக் 9:9-10, உரோ 8:9,11-13, மத் 11:25-30)



இன்றைய முதல் வாசகத்தில் இறைவாக்கினர் செக்கரியா ஓர் அரசரை வரவேற்கச் சொல்கிறார். அந்த அரசர் கழுதைக் குட்டியின்மேல் ஏறி வருகிறார். வந்ததும் எப்ராயிமிலிருந்து தேர்ப்படையை அகற்றுகிறார், எருசலேமிலிருந்து போர்க்குதிரைகளை ஒழிக்கிறார், வில்லை முறிக்கிறார். நற்செய்தியில் அதே அரசர் சுமை சுமந்து சோர்ந்தவர்களையெல்லாம் தம்மிடம் வரச் சொல்லி, தம்முடைய நுகத்தைத் தங்கள்மேல் ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார். போர்க்களத்துக் குதிரை போகிறது. உழவு நிலத்து நுகம் வருகிறது. திருச்சபை இந்த இரண்டு வாசகங்களையும் ஒரே ஞாயிறில் நம் முன் வைத்திருக்கிறது. ஆகவே இன்று நுகத்தைப் பற்றியும், அதைச் சுமக்கும் உயிர்களைப் பற்றியும் தியானிப்போம்.

சோர்ந்து போனவருக்கு நுகத்தைக் கொடுப்பது என்ன ஆறுதல் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். ஏர் ஓட்டிய பெரியவர்களிடம் கேட்டால் இதற்கு விடை கிடைக்கும். நுகத்தடி மாட்டின் திமிலுக்கு முன்னால், கழுத்தின்மேல் உட்காருகிறது. பூட்டாங்கயிறு அதைக் கழுத்தோடு இணைக்கிறது. கலப்பை மண்ணைக் கிழிக்கும்போது அந்தப் பாரம் முழுவதும் அந்தச் சிறிய இடத்தில்தான் இறங்குகிறது. நுகத்தடி சரியாக இழைக்கப்படாமல் சொரசொரப்பாக இருந்தால் தோல் உரியும். அந்தப் புண்ணில் ஈ மொய்க்கும். மறுநாள் அதே இடத்தில் மறுபடியும் நுகத்தை வைத்தால் மாடு இழுக்க மறுக்கும், இழுக்க மறுத்தால் அடி விழும். பொருந்தாத நுகம் ஒன்று, சாதுவான ஓர் உயிரின் வாழ்நாளையே வதையாக்கிவிடும். அதே மாட்டின் கழுத்துக்கு அளவெடுத்து, வழுவழுப்பாக இழைத்துச் செய்த நுகம் அதைக் காயப்படுத்தாமல் வேலை செய்யவிடும்.

2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மறைச்சாட்சி புனித ஜஸ்டின் பாலஸ்தீன மண்ணில் பிறந்தவர். ஆண்டவர் இயேசு தச்சராக இருந்தபோது ஏர்களும் நுகங்களும் செய்தார் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். அப்படியென்றால், தம் நுகம் இனிது என்று ஆண்டவர் சொன்னபோது, தம் கையால் இழைத்த மரத்தை நினைத்துத்தான் சொல்லியிருப்பார். சுமையே இல்லாத வாழ்வை அவர் வாக்களிக்கவில்லை. அவர் வாக்களிப்பது, சுமக்கிறவரின் கழுத்தை அறிந்து செய்த நுகத்தை. இளங்கன்றுக்கு உழவு பழக்கும்போது அதைத் தனியாகப் பூட்டமாட்டார்கள். வேலை தெரிந்த மூத்த மாட்டோடு ஜோடி சேர்ப்பார்கள். ஆண்டவரிடம் கற்றுக்கொள்வது அப்படித்தான். நுகத்தின் மறுபுறத்தில் அவரே நிற்கிறார்.

அன்பர்களே, இந்தப் பொருத்தம்தான் உலகின் சில பகுதிகளில் உழவின் வரலாற்றையே மாற்றியிருக்கிறது. நம் தமிழ் மண்ணில் குதிரை அரசருக்கும் படைக்கும் ஊர்வலத்துக்கும் உரியதாக இருந்தது. வயலில் இறங்கியவை மாடுகள். ஐரோப்பாவிலும் வெகுகாலம் எருதுகளே உழுதன. அங்கே குதிரையின் தொண்டையை இறுக்கும் தோல்பட்டைதான் பழக்கத்தில் இருந்தது. பாரம் கூடக்கூட அது மூச்சை அடைத்தது என்று வரலாற்றாசிரியர் பலர் எழுதியிருக்கிறார்கள். இடைக்காலத்தில், மெத்தை வைத்துத் தைத்த கழுத்துவளையம் பரவியது. அது தொண்டையை விட்டுத் தோள்களில் அமர்ந்தது. அதன் பிறகுதான் குதிரை முழு பலத்தோடு கனமான ஏரை இழுத்தது. மூச்சை அடைக்காத நுகம் கிடைத்ததும், போருக்குப் போன விலங்கு வயலுக்கு வந்தது.

பிறகு எந்திரங்கள் வந்தன. அமெரிக்க ஐக்கிய நாட்டில் முதல் உலகப்போர்க் காலத்தில் 2.5 கோடிக்கு மேல் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் இருந்தன. 1960 வாக்கில் அவை சுமார் 30 லட்சமாகச் சுருங்கிவிட்டன. ஆனால் பென்சில்வேனியா மாநிலத்தின் லங்காஸ்டர் பகுதியில் ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்தினர் இன்றும் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் பூட்டித்தான் உழுகிறார்கள். அவர்கள் எந்திரத்தையே அறியாதவர்கள் அல்லர். நிலம் சிறியதாக இருக்க வேண்டும், அண்டை வீட்டார் ஒருவர் மற்றவருக்கு உதவும் தொலைவில் வாழ வேண்டும் என்று விரும்பி, அதற்கு ஏற்ற வேகத்தைத் தேர்ந்துகொண்டவர்கள். பிரான்சில் பர்கண்டியின் சில திராட்சைத் தோட்டங்களில், டிராக்டரின் எடையால் மண் இறுகுகிறது என்று கண்டு, குதிரைகளை மீண்டும் கொண்டுவந்திருக்கிறார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். நம் முன்னோர் ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு மாட்டினத்தை உருவாக்கினார்கள். கொங்கு நாட்டின் வறண்ட நிலத்துக்குக் காங்கேயம். கிளுவை வேலி கட்டிய கொரங்காடு எனும் மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லைத் தின்று வளர்ந்து, பாரவண்டி இழுக்கும் இனம் அது. காவிரி டெல்டாவின் சேற்றுக்கு உம்பளச்சேரி. உருவம் அளவானது, குளம்பு உறுதியானது, தொளியில் கால் புதைந்தாலும் தளராதது. அந்தியூர் மலைக்குப் பர்கூர், மதுரை, சிவகங்கைப் பக்கம் புலிக்குளம், தர்மபுரிப் பக்கம் ஆலம்பாடி. இவை எவையும் ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை அல்ல. பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கவனித்து, தேர்ந்து, சினைக்குச் சேர்த்து உருவாக்கியவை. இன்றைய நற்செய்தியின் தொடக்கத்தில், ஞானிகளுக்கும் அறிஞர்களுக்கும் மறைத்தவற்றைக் குழந்தைகளுக்கு வெளிப்படுத்தியதற்காக ஆண்டவர் தந்தையைப் புகழ்கிறார். அந்த எளியவர்களின் வரிசையில் இந்த உழவர்களையும் நான் காண்கிறேன்.

ஒரு மாடு தன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பலத்தோடு மணிக்கணக்கில் இழுக்கும். நல்ல ஜோடி ஒன்று சேர்ந்து ஏறக்குறைய ஒரு குதிரைத்திறன் தரும். நாற்பது குதிரைத்திறன் டிராக்டரின் பக்கத்தில் அது மிகவும் சிறியதுதான். ஆனால் டிராக்டரின் டீசலுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் பெரும்பகுதி கடல் கடந்து வருகிறது. மாட்டுக்கு வைக்கோல் அதே வயலில் விளைகிறது. மாடு தின்றது எருவாகித் திரும்ப அதே மண்ணுக்குப் போகிறது. ஏறக்குறைய இரண்டு டன் எடையுள்ள டிராக்டர் சேற்றில் ஆண்டுதோறும் இறங்கும்போது, உழவின் அடிப்படுகை கலைந்து வயல் உளையாகிறது. மேட்டு நிலத்தில் மண் இறுகுகிறது. வேர்க்கடலை வரிசைகளுக்கு நடுவே களை எடுக்கவும், சிறிய துண்டு நிலத்தின் மூலைவரை உழவும், ஜவ்வாது மலையின் படிக்கட்டு வயலில் திரும்பவும் மாட்டால் முடியும். தமிழ்நாட்டில் ஓர் உழவர் வைத்திருக்கும் நிலத்தின் சராசரி அளவு 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கரை எட்டவில்லை. இவ்வளவு சிறிய நிலத்துக்கு ஒரு ஜோடி மாடு போதாதா என்று கேட்பது நியாயமான கேள்வி.

ஆனாலும் மாடுகள் குறைந்துகொண்டே போகின்றன. இதற்கு உழவர்களைக் குற்றம் சொல்வது அநீதி. டிராக்டரை வாடகைக்கு எடுத்தால் ஓர் ஏக்கரை ஓரிரு மணி நேரத்தில் உழுதுவிடலாம். மாட்டுக்கோ உழவில்லாத மாதங்களிலும் தீனி போட வேண்டும். மேய்ச்சல் புறம்போக்கு சுருங்கிவிட்டது. ஏர் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. வேலை இல்லாத காளைக்கன்றை வைத்திருக்க ஏழைக்கு வசதி இல்லை. காங்கேயம் அருகே குட்டப்பாளையத்தில் இயங்கும் சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி மையம் போன்றவை இனத்தைக் காக்க உழைக்கின்றன. ஆனால் வயலில் வேலை இருந்தால்தான் உழவு மாட்டினம் வாழும்.

2017 ஜனவரியில் மெரினாவில் திரண்ட இளைஞர் கூட்டத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஏறுதழுவலுக்காகத் தமிழகமே எழுந்து நின்றது. நம் பங்கு அமைந்திருக்கும் இந்தப் பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் ஊழியர்களும் குரல் கொடுத்தார்கள். சட்டம் திருத்தப்பட்டது, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அந்தப் பாசம் உண்மையானது. அந்தப் பாசத்திடம் இன்று ஒரு கேள்வி கேட்கிறேன்: வாடிவாசலில் ஒரு நாள் பாயும் காளைக்காகத் தெருவில் இறங்கிய நாம், ஆண்டு முழுவதும் சாலோட்டும் மாட்டுக்காக என்ன செய்தோம்?

மறைநூல் இந்த உழைக்கும் உயிர்களை மறக்கவே இல்லை. விடுதலைப் பயண நூல் 23ஆம் அதிகாரம், ஏழாம் நாள் ஓய்வு எதற்காக என்று விளக்கும்போது, மாடும் கழுதையும் இளைப்பாறுவதை முதலில் சொல்கிறது. அதற்குப் பிறகுதான் அடிமைப் பெண்ணின் மகனையும் அந்நியரையும் சொல்கிறது. இணைச்சட்ட நூல் போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டக்கூடாது என்று தடுக்கிறது. களத்தில் தாம்பில் சுற்றிவரும் மாடு ஒரு வாய் நெல் தின்பதை மறுக்கக் கூடாது என்பது கடவுளின் கட்டளை. பவுலடியார் அதே கட்டளையை எடுத்துத்தான் உழைப்பவரின் கூலியைப் பற்றிப் பேசுகிறார். எருதையும் கழுதையையும் ஒரே ஏரில் பூட்டக் கூடாது என்கிறது இன்னொரு கட்டளை. நடை வேறுபட்ட இரண்டில் ஒன்று மற்றதன் பாரத்தால் நசுங்கும் அல்லவா?

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், பதினெட்டு ஆண்டுகள் கூன் விழுந்திருந்த பெண்ணை ஆண்டவர் ஓய்வுநாளில் நிமிரச் செய்கிறார். தொழுகைக்கூடத் தலைவர் சினம் கொள்கிறார். ஆண்டவர் அவருக்குத் தொழுவத்தைக் காட்டிப் பதில் சொல்கிறார்: ஓய்வுநாளிலும் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறவர்கள் இந்தப் பெண்ணின் கட்டை அவிழ்க்கத் தடுக்கலாமா? மாட்டுக்கு இரங்கும் மனமும் மனிதருக்கு இரங்கும் மனமும் ஆண்டவருக்கு ஒன்றே. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘இறைவா, உமக்கே புகழ்’ என்ற சுற்றுமடலில், மாட்டுக்கும் கழுதைக்கும் ஓய்வு தரும் இந்தக் கட்டளையை எடுத்துக்காட்டி, ஏழாம் நாள் ஓய்வு மனிதருக்கு மட்டும் உரியதன்று என்று நமக்கு நினைவூட்டினார்.

அன்பர்களே, நம் நாட்டுச் சட்டமும் இதைச் சொல்கிறது. பாரம் இழுக்கும் விலங்குகளுக்காக 1965இல் விதிகள் எழுதப்பட்டன. வண்டி இழுக்கும் விலங்கை நாளொன்றுக்கு மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடைவெளி இல்லாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் இழுக்கவைக்கக் கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை பூட்டவே கூடாது. இந்த விதிகளை மனத்தில் வைத்துக்கொண்டு நம் கேளம்பாக்கத்தைப் பாருங்கள். சிறுசேரியிலும் நாவலூரிலும் இரவு நேரப் பணிக்குப் போய், விடிந்த பிறகும் கணினியை மூடமுடியாத பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். கத்திரி வெயிலில், உச்சி நேரத்தில், உணவுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு இருசக்கர வண்டியில் விரைகிறவர்கள் நம் வாசலில் வந்து நிற்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் வாயிற்கதவில் நிற்கும் காவலாளிகள், ஞாயிறு விடுப்பு இல்லாத வீட்டு வேலைக்காரப் பெண்கள், வடமாநிலத்திலிருந்து வந்து நம் அடுக்குமாடிகளைக் கட்டும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். காளைக்குச் சட்டம் தரும் நிழலை இவர்களுக்கு நாம் தருகிறோமா?

பழைய காலம் முழுவதும் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. நம் செங்கல்பட்டு மண்ணின் வரலாறு அப்படிச் சொல்லவிடாது. இந்த ஏரி மாவட்டத்தில் ஏர் பிடித்தவர்களில் பலருக்கு ஒரு குழி நிலமும் சொந்தமில்லை. படியாளாக, பண்ணையாளாக, தலைமுறைக் கடனுக்காக அவர்கள் உழைத்தார்கள். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர், இங்குள்ள ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையை அரசுக்கு விரிவாக எழுதினார். அதன் பயனாக 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க அரசு ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்று சொல்வது அதைத்தான். அதிலும் பெரும்பகுதி பிறகு வேறு கைகளுக்குப் போனது. மாட்டின் கழுத்தில் ஒரு நுகம் இருந்தபோது, அதன் பின்னால் நடந்தவரின் கழுத்தில் சாதியின் நுகம் இருந்தது. ஆகவே மாட்டு உழவு மீண்டும் வரவேண்டும் என்று கேட்கிறபோது, அந்த இரண்டாம் நுகம் எந்த வடிவத்திலும் திரும்பக் கூடாது என்றும் சேர்த்தே கேட்க வேண்டும். உழுகிறவருக்கு நிலமும் நியாயமான கூலியும் மதிப்பும் இருந்தால்தான் அந்த உழவு நிலைக்கும்.

மாட்டின் துன்பத்தைக் குறைக்கவும் வழிகள் உண்டு. பெங்களூரு இந்திய மேலாண்மை நிறுவனத்தின் முதல் இயக்குநரான என்.எஸ். ராமசாமி, கல்வித் துறையின் உயர்ந்த இடத்தில் இருந்துகொண்டே, மாட்டு வண்டியையும் நுகத்தையும் மேம்படுத்தப் பல பத்தாண்டுகள் பாடுபட்டார். பழைய மரநுகம் கழுத்தில் புண் உண்டாக்குவதை அவர் நாடெங்கும் எடுத்துச் சொன்னார். போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் மாட்டுக்கேற்ற இலகுவான கருவிகளை உருவாக்கியிருக்கிறது. அறிவை இப்படிப் பயன்படுத்துவது நாசரேத்துப் பட்டறையில் ஆண்டவர் செய்த வேலையின் தொடர்ச்சி. பொறியியல் படித்த பிள்ளைகள் நிறைந்த பங்கு இது. உங்களில் ஒருவராவது உழவரின் கழுத்தையும் உழவு மாட்டின் கழுத்தையும் அளவெடுக்க உங்கள் படிப்பைக் கொடுக்க மாட்டீர்களா?

இனி நாம் செய்யக்கூடியவை. தையூர், மாம்பாக்கம், திருப்போரூர்ப் பக்கம் இன்னும் வயல்கள் இருக்கின்றன. சொர்ணவாரி நெல் அறுவடை நெருங்குகிறது; அதன் பிறகு சம்பா உழவு வரும். மாடு வைத்து, எரு இட்டு விளைவிக்கும் உழவர் யார் என்று தேடுங்கள். அன்பியக் கூட்டங்களில் விசாரியுங்கள். ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஓர் உழவரிடம் ஆண்டு முழுவதற்குமான அரிசியை முன்கூட்டியே பேசிக்கொண்டால், அவர் மாட்டை விற்காமல் இருக்க அது துணையாகும். விலை பேசும்போது, கடை அரிசியோடு ஒப்பிட்டு அவரைக் குறைக்கச் சொல்லாதீர்கள். உழவில்லாத மாதத்தின் தீனியும் அந்த விலையில்தான் அடங்கியிருக்கிறது. மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளை ஏர் ஓடும் வயலுக்கு அழைத்துப் போங்கள். மேழியைப் பிடித்துப் பார்க்கட்டும். ஏரிகளையும் மேய்ச்சல் நிலங்களையும் காக்கக் கிராமசபையில் எழும் குரலோடு உங்கள் குரலும் சேரட்டும். உங்கள் வீட்டில் வேலை செய்கிறவருக்கு வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள். நீங்கள் மேலாளராக இருந்தால், ஞாயிறன்று உங்கள் குழுவினருக்கு வேலைச் செய்தி அனுப்பாதீர்கள். மாட்டுக்குக்கூட மறுக்கக்கூடாது என்று கடவுள் சொன்ன ஓய்வை மனிதருக்கு மறுத்துவிட்டு இந்தப் பலிபீடத்தை நெருங்க நமக்கு என்ன துணிவு?

செக்கரியா நூலின் கடைசி அதிகாரத்தில் இன்னொரு காட்சி வருகிறது. ஆண்டவரின் நாளில் குதிரைகளின் கழுத்து மணிகளிலும், தலைமைக் குருவின் தலைப்பாகைப் பட்டத்தில் பொறிக்கப்பட்ட அதே எழுத்து இருக்கும் என்கிறார் அவர். ஆண்டவருக்கெனத் தூயது என்பது அந்த எழுத்து. ஒன்பதாம் அதிகாரத்தில் எருசலேமைவிட்டுப் போன போர்க்குதிரையின் இனம், பதினான்காம் அதிகாரத்தில் தூயதாகத் திரும்பி வருகிறது. கடவுள் விலங்கை வெறுக்கவில்லை. விலங்கை நாம் பயன்படுத்திய விதத்தையே மாற்றினார். குருவின் நெற்றியும் உழைக்கும் விலங்கின் கழுத்தும் ஒரே தூய்மையைப் பெறும் நாளை நோக்கித்தான் நாம் நடக்கிறோம்.

இன்னும் சிறிது நேரத்தில் அப்பமும் இரசமும் இந்தப் பீடத்துக்கு வரும். நிலம் தந்ததையும் மனித உழைப்பு தந்ததையும் கடவுளிடம் கொடுக்கிறோம். அந்தக் காணிக்கையில் உழைத்த விலங்குகளின் மூச்சும் சேர்ந்திருக்கிறது என்பதை அறிந்து கொடுப்போம். யாருடைய கழுத்தில் நாம் பொருந்தாத நுகத்தை வைத்திருக்கிறோம் என்று ஒவ்வொருவரும் மனத்துக்குள் கேட்போம். அந்தப் பெயர் நினைவுக்கு வந்தால், அடுத்த ஞாயிறுக்குள் அதைத் தளர்த்திவிட்டு வருவோம்.

மன்றாடுவோம். நாசரேத்தின் தச்சரே, நுகம் செய்யத் தெரிந்த ஆண்டவரே, உழவரின் உழைப்புக்கு நியாயமான பலன் கிடைக்கச் செய்யும். உழைக்கும் உயிர்களுக்கு நீரும் நிழலும் ஓய்வும் தரும் மக்களாக எங்களை மாற்றும். பிறர்மீது நாங்கள் சுமத்திய பாரங்களை எங்கள் கையாலேயே இறக்கிவைக்கும் துணிவைத் தாரும். உம்மோடு ஒரே நுகத்தில் நடக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். ஆமென்.